ஆழத்து மீனின் வயிற்றில்

அன்புள்ள மச்சாள்,

அண்ணன் மறுபடியும் கடலுக்குப் போகிறார். சுனாமி உங்களைக் கொண்டுபோன பிறகு அவர் கடற்கரைப் பக்கமே திரும்பவில்லை. ஏறாவூரில் ஒரு கடையில் மூட்டை தூக்கினார். நாட்டில் சண்டை முடிந்து, தூரக் கடலுக்குப் போகலாம் என்று ஆனதும், வாழைச்சேனையில் ஓர் ஆழ்கடல் படகில் ஏறிவிட்டார்.

ஆனால் உங்கள் மகளைக் கரைக்கு விடுவதில்லை. கைக்குழந்தையாக நீங்கள் விட்டுப்போனவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கடலை பஸ்ஸிலிருந்துதான் பார்த்திருக்கிறாள்.

போன கிழமை அண்ணன் சாக்கில் சுற்றி ஒரு மீன் கொண்டுவந்தார். சூரை மீனுக்குப் போட்ட தூண்டிலில் மாட்டியதாம். ஏறக்குறைய என் உயரம். முதுகு நெடுக, பாய் விரித்ததுபோல் செட்டை. நாய்ப்பல். செதில் ஒன்றுகூட இல்லை. சதை தண்ணீராய்க் குழைந்தது, கறிக்கு உதவாது. படகில் எல்லோரும் எறியச் சொன்னார்களாம். நீங்கள் எந்த மீனை வெட்டினாலும் குடலை விரித்து, "இது என்ன திண்டிருக்கு?" என்று பார்ப்பீர்களே. அதற்காகத்தான் கொண்டுவந்தேன் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு விளங்கியது.

வயிற்றைக் கீறினோம். விழுங்கியதெல்லாம் கரையாமல் அப்படியே கிடந்தது. கண்ணாடிபோல் ஒரு கணவாய், விரலளவில் கறுப்பு மீன்கள், அவற்றின் அடிவயிற்றில் வரிசையாய்ப் புள்ளிகள். பிறகு புத்தகத்தில் தேடினேன். லான்செட் மீன் என்கிறார்கள். வெயில் எட்டாத ஆழத்தில் திரிவது. அந்தக் கறுப்பு மீன்களின் புள்ளிகள் இருட்டில் ஒளிருமாம். அடுத்த இரை எப்போது என்று தெரியாததால் வயிற்றிலேயே சேர்த்து வைக்கிறதோ என்று எண்ணுகிறார்கள். தன் இனத்தையும் தின்னும். ஒரே உடலுக்குள் ஆணும் பெண்ணும் உண்டாம். எங்கே முட்டையிடுகிறது? அது இன்னும் சரியாகத் தெரியவில்லை. நீங்கள் இருந்திருந்தால் இன்னும் எத்தனை கேட்டிருப்பீர்கள்?

உங்கள் மகள் ஒன்று கேட்டாள்.

"அப்பா, அங்க வெளிச்சமே இல்லையா?"

"இல்ல மகள்."

"அப்ப அம்மா இருட்டுக்குள்ளயா இருக்கா?"

அண்ணன் கத்தியைக் கீழே வைத்தார். உங்கள் முடிவைப் பற்றி அவளுக்கு இத்தனை காலமும் நாங்கள் எதுவுமே சொல்லியிருக்கவில்லை, மச்சாள்.

"இல்ல. அம்மாவக் கரையில கண்டெடுத்தம். நிலத்திலதான் அடக்கம் செஞ்சம்."

"கடலுக்குள்ள இல்லையா?"

"இல்ல."

அவள் மீனின் செட்டையை விரித்துப் பார்த்தாள். பிறகு, "அப்ப நான் கடலப் பார்க்கலாம்தானே?" என்றாள். மறுநாள் காலையில் அண்ணன் எங்கள் இருவரையும் பாசிக்குடாவுக்குக் கூட்டிப் போனார். முழங்கால் அளவுத் தண்ணீரில் அவள் நின்றாள். அவர் அவள் கையை விடவே இல்லை.

அவள் இனி நீந்தப் பழகவேண்டும். எனக்கும் நீந்தத் தெரியாது. ஆனாலும் மச்சாள், அவளோடு சேர்ந்து நானும் பழகுவேன். தண்ணீருக்குள் முகத்தை வைத்து, கண்ணைத் திறந்து பார்க்கும்வரை அவளைத் தனியே விடமாட்டேன்.

உங்கள் மகளின் மாமி,
சாந்தி