எலியின் கையில் ஒரு கயிறு

என் எலிக்கு, என் கௌரிக்கு,

நீ போய் மூன்று மாதம் முடிந்துவிட்டது. தினமும் அச்சகத்துக்குப் போகிறேன். ஊரார் கொண்டுவரும் படங்களைக் கம்ப்யூட்டரில் நான்கு நிறமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுச் சாரத்தில் இருக்கும் நம் வீட்டுக்குத் திரும்புகிறேன். சாப்பிடுகிறேன். பசித்துச் சாப்பிடுகிறேனா என்றால் தெரியாது. கடிகாரம் பார்த்துச் சாப்பிடுகிறேன்.

உனக்கு ஒரு சேதி. உன் சீன ராசிப் படம் முடிந்துவிட்டது. யார் முடித்தது, எப்படி முடிந்தது என்று கேட்டால் திட்டுவாயோ?

அந்தப் படத்தைக் கேட்டு வந்த நாள் நினைவிருக்கிறதா? கடற்கரைப் பக்கம் கடை வைத்திருக்கும், பிரெஞ்சு கலந்து பேசும் மதாம் நம் வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் தம்பி பாரீஸில் சீனாக்காரர்கள் நிறைய இருக்கிற பகுதியில் கடை போட்டிருக்கிறார், அங்கே விற்கலாம் என்றார். "பன்னெண்டு வருஷத்துக்குப் பன்னெண்டு மிருகம், ஒரே வட்டத்துல. சுவத்துல மாட்டுற மாதிரி. ஆனா நம்ம ஊரு மிருகமா இருக்கணும். செரியா பெத்தித்?" அந்த 'பெத்தித்'துக்காகவே நீ ஒத்துக்கொண்டாய். சின்னப் பிள்ளை என்று உன்னை அதற்கு முன்னால் யாரும் கூப்பிட்டதில்லை.

அப்புறம் ஊரெல்லாம் மிருகம் தேடினாய். எனக்குத் தெரிந்து நீ மனதிலிருந்து எதையும் வரைந்ததில்லை. சந்தைக்கு வந்த வண்டி மாட்டின் முன்னால் ஒரு மணி நேரம் குந்தியிருந்தாய். டிராகனுக்கு என்ன செய்யப் போகிறாய் என்று சிரித்தேன். வைத்திக்குப்பத்துக்கு இழுத்துப் போனாய். வலையில் சிக்கிய கடல்குதிரை ஒன்றை ஒரு அக்கா எடுத்து மணலில் வீசினார். நீ ஓடிப்போய்ப் பொறுக்கினாய்.

"இத்த வச்சி இன்னாடி பண்ணுவ? கொழம்புக்குக்கூட ஆவாது."

"டிராகன் பண்ணுவேங்க்கா."

"பண்ணு, பண்ணு. மிச்சம் இருந்தா எனக்கும் ஒண்ணு குடு, எம் புருஷன மெரட்டணும்."

ஒவ்வொரு மிருகத்துக்கும் கீழே பிறந்த வருஷங்களை எழுதினாய். எலிக்குக் கீழே 1984, அது நீ. ஆட்டுக்குக் கீழே 1979, அது நான். அன்றைக்கு ஆரம்பித்தது. "யோவ் ஆடு, ஸ்கேனரப் போடு." "யோவ் ஆடு, தண்ணி குடு." உன் வயிற்றில் இருந்ததும் எலிதான் என்று முடிவு கட்டிவிட்டாய். எலி வருஷம் பிப்ரவரி ஏழாம் தேதி பிறக்கிறது, டாக்டர் சொன்ன தேதி அதற்கு அடுத்த வாரம். "வீட்ல ரெண்டு எலி. ஆடு பாவம், இன்னா பண்ணும்?"

எலி உட்கார்ந்து தூளி ஆட்டுகிற மாதிரி வரைந்தாய், கையில் ஒரு கயிறு. கயிறு பாதியில் நின்றது. தூளி எங்கே என்று கேட்டேன்.

"பொறக்கட்டும்யா. மொகத்தப் பாத்துட்டுதான் தூளி. பேரும் அப்பறம்தான். பாக்காம எதையும் போடக் கூடாது."

பன்னிரண்டில் பன்றி மட்டும் பாக்கி. அது பன்னிரண்டில் கடைசி வருஷம், மெதுவாகப் போட்டுக்கொள்ளலாம் என்றாய். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு முதலியார்பேட்டை போனபோது பிரஷ் டப்பாவையும் எடுத்துக்கொண்டாய்.

பொங்கல் கழித்து நாலாம் நாள் நம் மகளை அவசரமாக ஆபரேஷன் செய்து வெளியே எடுத்தார்கள். எலி வருஷத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது; ஓடிக்கொண்டிருந்தது பன்றி வருஷம். உனக்கு ரத்தம் நிற்கவில்லை. என்னை ரத்தம் வாங்க அனுப்பினார்கள். வண்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. ரத்தப் பையோடு ஓடி வந்து கதவு முன்னால் கையை நீட்டினேன். நர்ஸ் அதை வாங்கவில்லை. யாருமே வாங்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் கௌரி?

உன் உடலை எடுத்த அன்று என் பெரியம்மா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "அம்மாவ முழுங்கிட்டு வந்துருக்குது. என்னா நச்சத்திரமோ." நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம்கூட வரவில்லை. அதைவிட மோசமான ஒன்றை உன்னிடம் மட்டும் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பத்தொன்பது நாள் பொறுத்திருந்தால் எலி. ஏன் அவசரப்பட்டுப் பன்றியாக வந்தாள்? பெரியம்மா பஞ்சாங்கம் பார்த்தாள், டிப்ளமா படித்த நான் சீனாக்காரன் காலண்டர் பார்த்தேன். என்ன வித்தியாசம்?

மூன்று மாதம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வாரத்துக்கு ஒரு முறை பால் பவுடர் டின்னை உன் அம்மா வீட்டு வாசலில் வைத்துவிட்டு, வண்டியை அணைக்காமலே திரும்பிவிடுவேன். நகராட்சியில் வாங்கிய பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. உன் பெயரையே வைத்துவிடலாமா என்று அத்தை கேட்டார்கள். வண்டியை முறுக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

போன வாரம் மதாம் போன் செய்தார். "பன்னி எடத்தக் காலியாவே வுட்டுடு தம்பி, பதினொண்ணோட போட்டுக்கலாம். இல்லாட்டி நெட்ல ஒரு பன்னி எடுத்து ஒட்டிடு." பத்து நிமிட வேலை. ஒட்டிப் பார்த்தேன். உன் பதினொன்றின் பக்கத்தில் அது ஸ்டிக்கர் மாதிரி பல்லைக் காட்டியது. கையால் வரையலாம் என்றால் பிரஷ் முதலியார்பேட்டையில்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். டப்பாவை வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்றுதான். அத்தைக்கு என்னைத் தெரியும்போல. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்கள். "நல்ல நேரம் வந்தீங்க மாப்ள. காலையிலேர்ந்து குளிக்கல. தூளிய ஆட்டிக்கிட்டு இருங்க." நான் வாயைத் திறப்பதற்குள் குளியலறைக் கதவு சாத்தியாகிவிட்டது.

உன் பச்சைப் புடவைதான் தூளி. ஆட்டினேன். உள்ளே ஒரு சத்தம், உர்ர் உர்ரென்று. மூச்சு முட்டுகிறதோ என்று பயந்து துணியை விலக்கினேன். தூங்கிக்கொண்டிருந்தாள். சளி பிடித்த மூக்கு. மூக்கு நுனி கொஞ்சம் தூக்கிக்கொண்டு, இரண்டு முஷ்டியும் தாடைக்குக் கீழே, ஒரு காது மட்டும் மடங்கி. உன் ஜாடை எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. என் ஜாடையும் இல்லை. யாரையும் முழுங்கின முகம் இல்லை கௌரி அது. ஒன்றுமே தெரியாத முகம்.

டப்பாவைத் திறந்து, கிடைத்த அட்டையில் வரைய ஆரம்பித்தேன். ஒரு கையால் ஆட்டினேன், ஒரு கையால் கோடு. அத்தை ஈரத் தலையோடு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னா மாப்ள இது, எம் பேத்தியப் பன்னின்னு போட்டுருக்கீங்க?"

"பன்னிதான் அத்த. அவ பொறந்த வருஷம்."

"மூக்கு மட்டும் அப்பிடியே வந்துருக்குது," என்றவர்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். குளித்த ஈரம் இல்லை அது.

வட்டம் என்பதால் கடைசி மிருகமும் முதல் மிருகமும் பக்கத்துப் பக்கத்தில்தான் வரும். இது இத்தனை நாள் எனக்கு உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து உன் படத்திலேயே பன்றிக்குட்டியைத் தூளியில் வரைந்து, தூளிக் கயிற்றை இரண்டு மிருகத்துக்கும் நடுவில் இருக்கும் கோட்டைத் தாண்டி எலியின் கை வரைக்கும் இழுத்தேன். உன் கயிறு மெல்லிசு, என்னுடையது தடிமன். சேர்கிற இடம் பளிச்சென்று தெரிகிறது. கம்ப்யூட்டரில் ஒரு நிமிடத்தில் சரி செய்திருப்பேன். செய்யவில்லை. நீ விட்ட இடம் அது.

அழுகை இன்னும் வரவில்லை. பெயரும் வரவில்லை. ஒரு நாள் பார்த்தது போதவில்லை. இனி தினமும் வேலை முடிந்து நேராக முதலியார்பேட்டைக்குத்தான் போவேன், வண்டியை அணைத்துவிட்டு உள்ளே போவேன். பெரியம்மாவோ வேறு யாரோ இனி அவளை ஒரு சொல் சொன்னால் சும்மா நிற்க மாட்டேன். அவளைப் பார்த்து முடிக்காமல் பெயர் வைக்க மாட்டேன். இது சத்தியம்.

கயிற்றின் மறுமுனையிலிருந்து,
உன் ஆடு,
நம் பன்றிக்குட்டியின் அப்பா.