சுங்கை கெலுபியின் பச்சைப் பலகை

ஏப்ரல் 2

எங்கள் ஊர் வரலாற்றில் இன்று பொன்னாள். அறிவிப்புப் பலகைக்கு நீலமா பச்சையா என்ற கேள்வி, மூன்று மணி நேர விவாதத்துக்குப் பிறகு, பச்சை என்று தீர்ந்தது. இரண்டு மீட்டர் நீளத்தில் தடித்த மெரந்தி மரப் பலகை. எழுத்து வெள்ளை. அது எந்த அணையை அறிவிக்கப் போகிறதோ, அந்த அணையைப் பற்றி நான்கு நிமிடம் பேசினோம். ஊர்ச் செயலாளர் என்ற முறையில் இரண்டையும் பதிவேட்டில் எழுதினேன்.

"பலகை இல்லேன்னா மாவட்டத்துல நம்ப மாட்டாங்க, சுல்," என்றார் தலைவர் பாக் முக்தார். "அணையைத் தண்ணி மறைச்சிடும். பலகையை எது மறைக்கும்?"

ஏப்ரல் 5

அணை எதற்கு என்று எனக்கே எழுதி வைத்துக்கொள்கிறேன். கூட்டங்களில் மறந்துபோகிறது.

மரம் கொண்டுபோக இருபது வருஷம் முன்பு ஒரு கால்வாய் வெட்டினார்கள். மரம் தீர்ந்தது, கால்வாய் தீரவில்லை. சதுப்பின் தண்ணீரை இரவும் பகலும் கடலுக்குக் கொண்டுபோகிறது. எங்கள் மண், மண்ணே அல்ல. பல ஆயிரம் வருஷத்து இலையும் வேரும் தண்ணீரில் ஊறிக் கிடப்பது. ஊறும்வரை தன் கரியைத் தன்னிடமே வைத்திருக்கும். காய்ந்தால் தரைக்கடியில் எரியும். அத்தனை காலம் பூமி சேர்த்ததைப் போன ஆகஸ்டில் தொடங்கி ஐந்தே வாரத்தில் வானத்துக்கு அனுப்பினோம்.

புகையில் பள்ளிக்கூடம் நாற்பத்தொரு நாள் மூடிக் கிடந்தது. என் மகள் வானிக்கு ஏழு வயது. படுத்தால் மூச்சு முட்டும் என்று என் நெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

உலகம் சூடானதற்குப் பெரிய நாடுகளின் ஆலைகளும் வண்டிகளும் காரணம் என்று படித்திருக்கிறேன். உண்மைதான். ஆனால் என் வீட்டுப் பின்னால் ஓடும் கால்வாயை மூட அவர்கள் வரப்போவதில்லை. நான் மூடுவேன்.

ஏப்ரல் 27

அணை முடிந்தது. இரண்டு வரிசைக் கம்பங்கள், நடுவில் மண்மூட்டைகள். முதலில் நட்டது பலகை. பாக் முக்தார் பேசிய இருபது நிமிடத்தில் உலக வெப்பம் கணிசமாகக் குறைந்தது. புகைப்படத்தில் பலகை தெளிவாக விழுந்திருக்கிறது. அணை படத்தின் ஓரத்தில் கொஞ்சம் வெட்டுப்பட்டிருக்கிறது.

மே 1

இடது கரையில் அணையைச் சுற்றி யாரோ புது வாய்க்கால் தோண்டியிருக்கிறார்கள். தண்ணீர் முழுக்கப் போய்விட்டது. பலகை நலம்.

மே 2

யாரோ என்ன யாரோ. ஷாதான்தான். என் மனைவி ஹஸ்னியின் அண்ணன். தண்டில் சவ்வரிசி மாவு தரும் பனையை வெட்டித் துண்டுபோட்டு, தெப்பமாகக் கட்டி, கால்வாய் வழியே ஆலைக்கு மிதக்க விடுவது அவன் தொழில். போய்க் கேட்டேன்.

"ஆமா மச்சான், நான்தான் வெட்டினேன். என் கட்டை எப்படிப் போகும்? உன் பச்சைப் பலகை மேல ஏறிப் போகுமா?"

"உன் மருமவ மூச்சு விட வேணாமாடா?"

"என் புள்ளைங்க சாப்பிட வேணாமா?"

இரண்டு பேருமே சரியாகப் பேசினால் சண்டை எப்படி முடியும்? கத்திவிட்டு வந்துவிட்டேன். ஹஸ்னி இரண்டு தட்டில் சவ்வரிசி நூடுல்ஸ் வைத்தாள். ஒன்றை மூடி அண்ணன் வீட்டுக்கு அனுப்பினாள்.

மே 9

யோசித்தால் தப்பு எங்களுடையது. தெப்பம் ஓடும் கால்வாயில் தெப்பத்துக்கு வழி விடாமல் அணை கட்டியிருக்கிறோம். கூட்டத்தில் அத்தனை பேரும் தெப்பக்காரர்கள், அல்லது அவர்களின் சம்பந்திகள். ஒருவர் வாயிலும் அந்தச் சொல் வரவில்லை. வண்ணத்தில் மும்முரமாக இருந்தோம்.

மே 11

மறுபடி போனேன். "போன ஆகஸ்டுல உன் தெப்பம் எத்தனை நாள் சேத்துல கெடந்துச்சு?"

"பதினோரு நாள். பாதி அழுகிடுச்சு. அதுக்கென்ன?"

"அணைக்குப் பின்னால தண்ணி நின்னா ஆகஸ்டுலயும் மிதக்கும். நடுவுல ஒரு வாய் விடுறேன். நிறைஞ்சு வழியற தண்ணியோட கட்டையும் ஒண்ணொண்ணா தாண்டிப் போகும்."

ஷாதான் ஒரு குச்சியால் மண்ணில் கோடு கிழித்தான். "கம்பத்தைக் கரைக்குள்ள அஞ்சு மீட்டர் கொண்டு போ. இல்லேன்னா யாரும் வெட்டவே வேணாம், இந்த மண்ணுல தண்ணியே சுத்திக்கிட்டுப் போயிடும். செயலாளராம், செயலாளர்!"

ஜூன் 8

நாங்கள் ஒன்பது பேர், பத்து நாள். இரு கரையிலும் ஐந்து மீட்டர் உள்ளே போயாயிற்று. ஒன்றுதான் பாக்கி: வாயின் அடியில் கட்டைகள் உரசி ஏற ஒரு பலகை. வலுவானது, தடித்தது, இரண்டு மீட்டர். ஊரில் தேடினோம்.

ஷாதான் போய் அதைப் பிடுங்கிக்கொண்டு வந்தான்.

"டேய், அதுல மாவட்டத்தோட முத்திரை இருக்குடா!" என்றார் பாக் முக்தார்.

"எழுத்து மேல வரணுமா, கீழயா, தலைவரே?"

இதற்கு ஒரு கூட்டம் வைக்கலாம் என்றார். நான் சம்மதிக்கவில்லை. கீழே.

ஜூலை 23

மழை நின்று மூன்று வாரம். தினம் காலையில் சதுப்பில் நட்ட குழாய்க்குள் கோல் விட்டுப் பார்க்கிறேன். தரைக்குக் கீழே நாற்பது செண்டிமீட்டருக்குள் தண்ணீர் இருந்தால் மண்ணில் தீப்பிடிக்காது. இன்று 33. போன வருஷம் இதே வாரம் கோல் தண்ணீரைத் தொடவே இல்லை.

ஆகஸ்ட் 14

ஆற்றுக்கு அக்கரையில் புகை. இங்கே 38. ஷாதானின் கட்டைகள் ஒவ்வொன்றாகப் பலகை மேல் ஏறிப் போயின.

ஆகஸ்ட் 20

39. கரை ஓரம் கசிகிறது. ஷாதான் இடுப்பளவு தண்ணீரில் நின்று மூட்டை அடுக்கினான். நான் எடுத்துக் கொடுத்தேன். "இன்னும் ஒண்ணு குடு, மச்சான். வேகமா. கூட்டத்துல இருக்கற மாதிரி நிக்காதே."

ஆகஸ்ட் 29

மாவட்ட அதிகாரி கேமராவுடன் வந்தார். பலகை எங்கே என்று கேட்டார். தண்ணீரைக் காட்டினோம். எட்டிப் பார்த்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார்.

செப்டம்பர் 12

மாவட்டப் பட்டியல் வந்தது. சுங்கை கெலுபி: அணைகள் - இல்லை. இன்று 36. வானி பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.