பத்து மணிக் கையெழுத்து

ஐப்பசி 9, திங்கள்

சிறையில் தையல் பழகி, நன்னடத்தையால் சீக்கிரமே வெளியே வந்தவன் செல்வம். இப்படி விடுவதால் சிறையில் நெரிசல் குறைகிறது. வெளியே வந்தவர்களைக் கண்காணிக்கிற என் தலையில்தான் சுமை கூடிக்கொண்டே போகிறது.

இன்று கீழ்வேளூரில் அவனைப் பார்த்தேன். தையல் வேலை கிடைக்கவில்லை. நடவுக்கும் யாரும் கூப்பிடுவதில்லை. தினமும் காலை பத்து மணிக்கு அவன் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். நாற்றுப் பறிக்கிறவன் பாதியில் கரையேறினால், நடுகிற பெண்கள் சும்மா நிற்க வேண்டியதுதான்.

"சாயங்காலத்துக்கு மாத்திக் குடுங்க சார்."

"எனக்கு அதிகாரம் இல்லப்பா. மேல எழுதுறேன்."

"பதில் வர்றதுக்குள்ள அறுப்பே வந்துடும் சார்" என்று சிரித்தான்.

போன வருடம் இன்னொருவனுக்காக எழுதியதற்கே இன்னும் பதில் இல்லை. நானும் சிரித்துத் தொலைத்தேன்.