பென்னாகரத்திலிருந்து வந்த வார்டன்

ஜூன் 1, ஞாயிறு

வெயில். ஒரு வாரமாக மழை வருவதுபோல் நடிக்கும் மேகம். மதியம் வரை பெட்டி கட்டும் வேலை.

எடுத்துக்கொண்டவை: சுடிதார்கள், இரண்டு காட்டன் புடவை, சர்ட்டிபிகேட் பை, தலைவலித் தைலம், எலுமிச்சை ஊறுகாய்.

எடுக்காதது: 'சிறந்த ஆசிரியை' கேடயம். சம்பளத்தை ஏற்றித் தரச் சொல்லி நாங்கள் எல்லாரும் போய் நின்ற வருஷம் நான் வேலை பார்த்த தனியார் பள்ளிக்கூடம் தந்தது. பிளாஸ்டிக். மேலே பூசிய தங்க வர்ணம்கூட இப்போது உரிந்துவிட்டது. நாளைக்குப் பள்ளி திறக்கிறார்கள். நான் இல்லாமல் திறக்கட்டும்.

பெங்களூரில் பெண்கள் தங்கும் ஒரு பி.ஜி. விடுதியில் வார்டன் வேலை. கூடப் படித்தவள் ஒருத்தி சொல்லிக் கிடைத்தது. பதினொரு வருஷம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை மேய்த்தவளுக்கு இருபத்தைந்து வயசுப் பிள்ளைகளை மேய்ப்பது கஷ்டமா என்ன.

அண்ணன் காலையிலேயே ஆரம்பித்தான்.

"பொம்பள தனியா பெங்களூர் போயி என்னா பண்ணப் போற? ஊரு என்னா சொல்லும்?"

"ஊருன்னா யாரு? நீயும், டீக்கடையில உங்கூட உக்காந்திருக்கறவங்களுமா?"

அவனுடைய சாதனைகள்: திருப்பூர் பனியன் கம்பெனி (தண்ணி ஒத்துக்கவில்லை). ஓசூர் (மேனேஜர் மரியாதை இல்லாமல் பேசினான்). கோழிப்பண்ணை (கோழிகள் செத்தன, அவையாவது தப்பித்தன). அண்ணி கோவித்துக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அறிவுள்ள பெண்.

இப்போது எனக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறானாம். பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருப்பவர். மனைவி இறந்துவிட்டார், இரண்டு பெண் பிள்ளைகள்.

"முப்பத்தாறு வயசுக்கு மேல உனக்குக் கலெக்டரா வருவான்?"

இனி அந்த மனுஷர் இந்த நோட்டில் த.கா. - தக்காளிக்காரர். முழுப்பெயர் எழுதும் அளவுக்கு அவர் இன்னும் வளரவில்லை.

அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். "காலையில மொத பஸ்ஸுக்குக் கெளம்பறேன்மா" என்றேன். "ம்" என்றாள். உரித்துக்கொண்டே இருந்தாள்.

ஜூன் 2, திங்கள்

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் பெங்களூர் பஸ்ஸுக்கு அடிதடி. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து கறி தின்றுவிட்டுத் திரும்புகிற கூட்டம் முழுவதும் அதில். பின் சீட்டில் ஒருவன் போனில்: "எங்க பில்டிங்கு இருவது மாடி மச்சான், மேல நின்னா ஊரே தெரியும்." அதில் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைக்கிறவன் என்பது கிருஷ்ணகிரி வந்தபோது தெரிந்தது. 'எங்க பில்டிங்கு'!

ஓசூர் தாண்டி, கடைப் பலகைகளில் எழுத்து மாறியதும், அதுவரை கத்திக்கொண்டு வந்தவர்கள் எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பயந்தாங்கொள்ளிகள். நானும் போனில் மெதுவாகத்தான் பேசினேன்.

விடுதி நான்கு மாடி. வாசலில் செயற்கைப் புல். ஓனரம்மா (ஓ.அ.) மெல்லிய உருவம், கனத்த வளையல். "யாவ ஊரு?" என்று கன்னடத்தில் கேட்டார். எங்கள் வீட்டில் பேசுவது கன்னடமும் தமிழும் கலந்த ஒன்று; தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். அந்தக் கன்னடத்தில் பதில் சொன்னேன். ஓ.அ. சிரித்தார். பிறகு நல்ல தமிழில், "இது என்ன கன்னடம்மா? யாரு உனக்குச் சொல்லிக்குடுத்தது?"

பென்னாகரத்துப் பள்ளியில் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் 'கன்னட டீச்சர்'. சாயங்காலத்துக்குள் இங்கே பெயர் விழுந்துவிட்டது: 'தமிழ் ஆன்ட்டி'. இரண்டு ஊருக்கும் வேறு வேலை இல்லை.

எனக்குத் தரைத்தளத்தில் தனி அறை. அலமாரி அளவுதான். ஆனால் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். போட்டுப் பார்த்தேன். எடுத்துவிட்டு மறுபடி போட்டேன்.

ஜூன் 5, வியாழன்

தூறல். துணி காயவில்லை.

வார்டன் என்பது வெறும் பேச்சு. உண்மையான வேலைகள்: பாத்ரூம் குழியிலிருந்து முடிப் பந்து எடுப்பது. யார் தயிரை யார் தின்றது என்ற வழக்கில் தீர்ப்புச் சொல்வது. கீசர் ஆளுக்குப் போன் போடுவது, அவன் எடுக்கமாட்டான், மறுபடி போடுவது. சப்பாத்தியை எண்ணிப் போடுவது (ஓ.அ. கட்டளை). எண்ணாமல் போடுவது (ஓ.அ. இல்லாதபோது).

மூன்றாம் மாடியில் டெல்லிப் பெண் ஒருத்தி. வாஷிங் மிஷின் ஓடவில்லை என்று அழுதேவிட்டாள். பிளக் சொருகவில்லை.

சாம்பாரில் வெல்லம். இதைத் தின்றுவிட்டு இவர்கள் எப்படிச் சண்டை போடுகிறார்கள் என்றே தெரியவில்லை. ஊறுகாய் பாதி தீர்ந்தது.

ஜூன் 8, ஞாயிறு

வாராந்திர லீவு. மெட்ரோவில் ஏறிக் கடைசி ஸ்டேஷன் வரை போனேன். இறங்கினேன். அங்கே ஒன்றும் இல்லை. அடுத்த ரயிலில் திரும்பினேன். எல்லாரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போன் பார்க்கிறார்கள், ஜன்னலை ஒருவரும் பார்ப்பதில்லை. அடுத்த வாரம் எதிர்த் திசையில் போகலாம்.

அண்ணன் போன். அடுத்த ஞாயிறு த.கா.வைக் கூட்டிக்கொண்டு வருகிறானாம்.

"வராத. நான் பாக்கமாட்டேன்."

"அவரு உன்னப் பாத்தே ஆவணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு மஞ்சு."

ஒரு கால் வலித்தால் இன்னொரு காலில் நிற்கச் சொல் என்றேன்.

ஜூன் 12, வியாழன்

வாட்ச்மேன் சொல்லாமல் போய்விட்டார். பக்கத்துத் தெரு அபார்ட்மெண்டில் விசிறியோடு அறை தருகிறார்களாம். ஓ.அ. காலையிலிருந்து புலம்பல். "உங்க ஊர்ல யாராவது இருக்காங்களா மஞ்சுளா? குடிக்கக்கூடாது, தூங்கக்கூடாது." எங்கள் ஊரில் அந்த இரண்டும் செய்யாத ஆண் பிள்ளையை எங்கே தேடுவது.

ஞாயிற்றுக்கிழமைக்கு வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். த.கா. முகத்தில் அடிக்கிற மாதிரி. "உங்கள் பிள்ளைகளுக்கு ஆயா வேண்டுமென்றால் ஏஜென்சியில் கேளுங்கள்." நன்றாக இருக்கிறது. இன்னும் கொஞ்சம் சுருக்கலாம்.

ஜூன் 15, ஞாயிறு

வந்தார்கள். நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. வாசலில், செயற்கைப் புல்மேல், மூன்று பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். அண்ணன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பக்கத்து வீட்டுக்காரரின் சென்ட். த.கா. ஐம்பதுக்குப் பக்கம். கறுத்து மெலிந்த ஆள். கையில் ஒரு பெட்டி தக்காளி! பெண் பார்க்க வருகிறவர் தக்காளி கொண்டு வந்தார். மேல் மாடி ஜன்னல்களில் தலைகள்.

அண்ணன் இரண்டு நிமிஷம் வானிலை பேசிவிட்டு, "நீங்க பேசிக்கிட்டிருங்க" என்று எதிர் பேக்கரிக்கு டீ குடிக்கப் போனான். சினிமாவில் பார்த்த நாகரிகம்.

நான் தொண்டையைச் சரி செய்துகொண்டேன். அதற்குள் த.கா. நாற்காலி நுனிக்கு வந்து, "டீச்சரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். "நீங்கதான் என்னப் பாக்கணும்னு சொன்னதா உங்க அண்ணன் சொன்னாருங்க."

"நானா?"

"போட்டோவப் பாத்துட்டு ஒத்துக்கிட்டீங்கன்னாரு. எனக்கு இதுல இஷ்டம் இல்லீங்க. சம்சாரம் போயி வருசம்கூடத் திரும்பல. பொண்ணுங்க ரெண்டும் பெரிசாயிடுச்சு, இனிமே ஒருத்தர வூட்டுக்குக் கூட்டியாந்து நிறுத்தினா நல்லா இருக்காது. படிச்சவங்க நீங்க, ஆளு வுட்டுச் சொல்லக்கூடாது, நேர்ல சொல்லிட்டு வந்துடலாம்னுதான் வந்தேன்."

நான்கு நாளாகச் சுருக்கிச் சுருக்கிக் கூர்மையாக்கி வைத்திருந்த வார்த்தைகள் அத்தனையும் வீண். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார், தக்காளிக்காரர். அதுவும் கைகூப்பிக்கொண்டு! எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். "பரவாயில்லீங்க" என்றேன். வேறு என்ன சொல்வது.

"எங்க அண்ணன் எதுக்கு அப்பிடிச் சொன்னான்?"

அவர் தயங்கினார். "மண்டியில கணக்குப் பாக்கற வேல கேட்டுட்டே இருந்தாருங்க. நம்ம சொந்தம்னா பாக்கலாம்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அத இப்பிடிப் புடிச்சுக்குவாருன்னு நெனைக்கல."

ஆக, வேலைக்கு விண்ணப்பம் போட்டது அண்ணன். அதோடு இணைத்து அனுப்பிய சர்ட்டிபிகேட் நான்.

அண்ணன் டீ குடித்த வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான். புரிந்துகொண்டான், அந்த விஷயத்தில் மட்டும் புத்திசாலி.

"உனக்கும் ஒரு வாழ்க்க, எனக்கும் ஒரு வழின்னு பாத்தேன்" என்றான்.

"உன் வழிக்கு நான் என்ன, பஸ்ஸா?"

த.கா. எழுந்து, தக்காளியை மட்டும் வைத்துவிட்டு, அண்ணனைப் பார்க்காமலே போய்விட்டார். அண்ணன் போகவில்லை. த.கா.வோடு இனித் திரும்ப முடியாது, பஸ்ஸுக்குக் காசு இருக்கிறதா என்று கேட்கவும் எனக்கு மனசில்லை. அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், மூன்று மணி வெயிலில். ஓ.அ. காரில் வந்து இறங்கி, "யாரு இது?" என்றார்.

"எங்க அண்ணன்."

"குடிப்பாரா?"

"வாங்கித் தர ஆள் இல்ல" என்றேன். உண்மை அதுதான்.

ஓ.அ. அவனை வாசல் கேட்டின் பக்கம் நடக்கவிட்டுப் பார்த்தார், மாடு வாங்குகிறவர்போல.

ஜூன் 16, திங்கள்

அண்ணன் இப்போது எங்கள் விடுதியின் வாட்ச்மேன். முந்தின ஆளின் சட்டை, உள்ளே இரண்டு பேர் நிற்கலாம். தொப்பி காதில் உட்காருகிறது. ஊருக்குப் போன் போட்டுச் சொன்னது என் காதாலேயே கேட்டேன்: "செக்யூரிட்டி இன்சார்ஜ்." பெண் தனியாகப் பெங்களூர் போனால் ஊர் என்ன சொல்லும் என்றவன். ஊர் இப்போது என்ன சொல்கிறது என்று கேட்டுச் சொல்லச் சொன்னேன். தொப்பியைச் சரி செய்துகொண்டான்.

அவனும் உள்ளே வரக்கூடாது, அது விதி. அவன் தட்டை நான்தான் கேட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

தக்காளித் தொக்கு செய்தேன். டெல்லிப் பெண் மூன்று முறை போட்டுக்கொண்டாள். நல்ல தக்காளிதான்.

ஜூன் 22, ஞாயிறு

அண்ணன் இன்னும் ஓடவில்லை. மூன்றாம் நாளே ஓடிவிடுவான் என்று நினைத்திருந்தேன். ஏமாற்றம்.

பெண்கள் அவனை 'அங்கிள்' என்கிறார்கள். ஆட்டோக்காரர்களிடம் எங்கள் வீட்டுக் கன்னடத்தில் கத்துகிறான். அவர்கள் சிரிக்கிறார்கள். இவனும் சிரிக்கிறான். வெட்கமே கிடையாது. அதனால்தான் ஆட்டோ வந்து நிற்கிறது, என் பேச்சுக்கு நிற்பதில்லை.

சாயங்காலம் தட்டு எடுத்துக்கொண்டு போனபோது போனில் இருந்தான். "வேல கெடச்சிருக்குது. இல்ல, இது நெசம். மஞ்சுவக் கேட்டுப் பாரு." அண்ணி. தட்டை மதில்மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவள் கேட்டால் என்ன சொல்வது என்று யோசனை. இருக்கிறான் என்று சொல்லலாம். அது பொய் இல்லை.

இந்த வாரம் மெட்ரோ போகவில்லை. மழை.

ஜூன் 29, ஞாயிறு

காலையில் அம்மா போன். வழக்கமாக நான்தான் போடுவேன்.

"முன்னாடி ரூம வாடகைக்கு வுட்டுட்டேன் மஞ்சு."

ஒடிசாக்காரர்களாம். புருஷன், பெண்டாட்டி, புருஷனுடைய தம்பி. ரோடு அகலப்படுத்துகிற வேலைக்கு வந்தவர்கள். எங்கள் துணி, புத்தகம், அண்ணனின் கட்டில், எல்லாம் பின்னால் தகரக் கொட்டகையில். அம்மா சமையலறையில் படுத்துக்கொள்கிறாளாம். ஊர் பேர் தெரியாதவர்களை வீட்டுக்குள் விட்டுவிட்டு, என்னமோ மல்லிச் செடி வைத்ததுபோல் சொல்கிறாள்.

"என்னக் கேக்காமயே குடுத்துட்டியா?"

"நீ போறப்ப சொன்ன. கேக்கல."

அவள் பேசிக்கொண்டே போனாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழில் ஒரு வார்த்தை வராதாம். கடைக்குப் போய் உப்பு என்று கேட்கத் தெரியாமல் சும்மா வந்துவிட்டதாம். "பாவம், ஊரு விட்டு ஊரு வந்திருக்குது. கண்ணெல்லாம் கலங்கிப் போச்சு." அம்மா கூடவே போய் வாங்கிக் கொடுத்தாளாம். ராத்திரி இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்களாம். என்ன பேசினீர்கள் என்றேன். "என்னா பேசறது? சிரிச்சுக்கிட்டோம்."

என்னோடு உட்கார்ந்து அம்மா சாப்பிட்டு எத்தனை வருஷம் இருக்கும். பள்ளிக்கூட நோட்டுத் திருத்திக்கொண்டே சாப்பிடுவேன்.

பின்னால் யாரோ அவளைக் கூப்பிடும் சத்தம். "மா" என்று. மொழி எதுவானாலும் அந்தச் சொல் ஒன்றுதான் போல. வருகிறேன் என்று அம்மா அந்தப் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். தமிழா, கன்னடமா, தெரியவில்லை.

"தீபாவளிக்கு நானும் அண்ணனும் வந்தா எங்கம்மா படுக்கறது?" என்று கேட்டேன்.

"வரதுக்கு மின்னாடி ஒரு போன் பண்ணு" என்றாள். "அவங்ககிட்டக் கேட்டுச் சொல்றேன்."