பக்கத்து வீடு எப்படி?

மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் என் கண்ணுக்கு,

பெங்களூரிலிருந்து மைசூருக்கு மாற்றலாகி வரும் ஒரு குடும்பம் இன்று நம் வீட்டை விலைக்குப் பார்க்க வந்தது. “பக்கத்து வீட்டுக்காரங்க எப்படிங்க?” என்று கேட்டார்கள்.

“தங்கமானவங்க” என்றார் அப்பா. நீ அந்தப் பக்கத்து வீட்டு மருமகளான நாளிலிருந்து உன் மாமனாரைப் பற்றி அவர் நல்லவிதமாகச் சொன்னது இதுதான் முதல் தடவை. மதில் தகராறில் தான் அவர்மேல் போட்ட கேஸைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அடுப்படிக்கு வந்த அந்த அம்மாவிடம் நான்தான் கேஸைச் சொன்னேன். காபியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். போன மாதம் வந்தவர்களும் அப்படித்தான் போனார்கள். அப்பா பாவம், தரகரைத் திட்டுகிறார்.

பாப்பா அழுதால் ஜன்னலைச் சாத்தாதே. பேத்தி என்று எனக்குக் கிடைத்திருப்பது அந்தக் குரல் மட்டும்தான்.

இன்னும் இந்தப் பக்கத்திலேயே இருக்கும்,
அம்மா