ஆங்கிலத்துக்கு நாம் சொன்ன தமிழ்

நனைந்த தைலமரக் கட்டை புகைகிற வாசனை இன்று மாலை வரவேற்பறை வரைக்கும் வந்தது. விருந்தினர் யாரோ கேம்ப் ஃபயர் கேட்டிருந்தார்கள். விறகு காயவில்லை. நீ இருந்திருந்தால் மதியமே தார்ப்பாய் போட்டு மூடியிருப்பாய்.

அட்டுவம்பட்டியில் இந்த விடுதிக்கு நாம் இருவரும் ஒரே வாரத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தோம். நீ தாண்டிக்குடி, நான் வடகவுஞ்சி. எனக்குப் படித்த ஆங்கிலம் கொஞ்சம் இருந்தது; உனக்கு அதைப் பேசுகிற துணிச்சல் இருந்தது.

அந்த முதல் மழைக்காலத்தில் ஒரு பெங்களூர்க் குடும்பம் கேம்ப் ஃபயருக்குச் சொல்லியிருந்தது. தூறல் விழுந்ததும் அந்த அம்மா, "வீ வில் டேக் எ ரெயின் செக்" என்று சிரித்தபடி அறைக்குப் போய்விட்டார். மழையைப் பார்த்துச் சொல்லச் சொல்கிறார் என்று நீ எடுத்துக்கொண்டாய். குடையோடு வாசலில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். தூறல் விட்டதும் விறகை அடுக்கிப் பற்றவைத்துவிட்டு அவர்கள் கதவைத் தட்டினாய். படுக்கப் போயிருந்தவர்கள் ஒன்றும் புரியாமல், மறுக்கவும் தெரியாமல், போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து நெருப்பின் முன்னால் உட்கார்ந்தார்கள்.

"இன்னொரு நாளைக்கு வச்சுக்கலாம்னு அர்த்தம் புள்ள" என்றேன்.

"அத அப்படியே சொல்ல வேண்டியதுதான? மழைய எதுக்கு இழுக்குறாங்க? எங்கம்மாவா இருந்தா, 'பெறகு பாப்போம், போ'ன்னு சொல்லும்."

நம் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது. எந்த ஆங்கிலத் தொடர் வந்தாலும் சொல்லுக்குச் சொல் பார்க்கக் கூடாது. அந்த இடத்தில் நம் அம்மா என்ன சொல்லும் என்று கண்டுபிடிக்க வேண்டும். தெரியாதவள் டீ போட வேண்டும். 'அண்டர் தி வெதர்' என்று ஒருவர் செய்தி அனுப்பினால், "ஒடம்பு ஒரு மாதிரியா கெடக்கு" என்பாய். 'கால் இட் எ டே'வுக்கு, "இன்னைக்குச் சோலி இம்புட்டுத்தான்." பெரும்பாலும் டீ போட்டது நான்தான். "இம்புட்டுப் புத்தகம் படிக்கிறவளுக்குத் தமிழ் மறந்துபோச்சாக்கும்" என்று கேலி செய்வாய்.

பிறகு உன் வயிற்றில் கட்டி என்றார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் உன் அண்ணன் மருந்து வாங்கப் போயிருந்த நேரம், பெரிய டாக்டர் வந்து உன் ரிப்போர்ட்டைப் புரட்டினார். கூட இருந்த சின்ன டாக்டரிடம், "ஜஸ்ட் கீப் ஹர் கம்ஃபர்டபிள்" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

நீ என் கையைச் சுரண்டினாய். "சொல்லு. இதுக்கு ஒங்கம்மா என்ன சொல்லும்?"

எனக்குத் தெரிந்திருந்தது. ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

"என்ன புள்ள, இதுக்கும் நீதான் டீ போடணுமா?" என்று சிரித்தாய். பிறகு நீயே சொன்னாய். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, கேட்டத வாங்கிக் குடுங்க. அதான?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"அழுகாத. மொதல்ல கேட்டத வாங்கிக் குடு. ஜிகர்தண்டா. வெரசா வா, அண்ணன் வந்தா திட்டும்."

வெயிலில் ஓடிப் போய் வாங்கி வந்தேன். இரண்டு வாய் குடித்தாய். "போதும். மிச்சத்த நீ குடி" என்றாய். உனக்கு எதிரிலேயே உட்கார்ந்து முழுவதையும் குடித்தேன்.

நீ போன பிறகு ஃபேஸ்புக்கில் உன் படத்தின் கீழே எல்லாரும் 'மிஸ் யூ' என்று எழுதினார்கள். விடுதிக்கு வந்துபோனவர்கள்கூட எழுதினார்கள். நானும் எழுத ஆரம்பித்து அழித்துவிட்டேன். யாருக்கோ எழுதுவதைப் போலிருந்தது.

போன மாதம் தாண்டிக்குடிக்குப் போயிருந்தேன். உன் அம்மா முற்றத்தில் காயப்போட்டிருந்த காப்பிக்கொட்டையைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். நானும் குனிந்து அள்ளினேன். என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"பகல்ல சோலியோட சோலியா ஓடிருது தாயி. பொழுது எறங்குனாத்தான் புள்ளயத் தேடுது."

கூடையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டுக் கிளம்பினேன். ஜீப் வளைவு வளைவாக மேலேறியது. 'மிஸ் யூ'வுக்கு உன் அம்மா சொன்ன அந்த ஒரு சொல்லை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு வந்தேன். இன்னும் வைத்திருக்கிறேன்.

எனக்கும் உன்னைத் தேடுது.