தெருவில் போட்ட இலை

சிரித்த முகத்தோடே போய்ச் சேர்ந்த என் கண்டக்டர் தாத்தாவுக்கு,

உங்கள் வாயாடிப் பேத்தி எழுதுகிறேன். அங்கே பஸ் உண்டா, இல்லை எல்லாரும் நடைதானா? இங்கே மினி பஸ் வந்துவிட்டது தாத்தா. காது கிழியப் பாட்டுப் போடுகிறார்கள். இறங்க வேண்டிய இடத்தைச் சொன்னால் கண்டக்டருக்கே கேட்பதில்லை. நீங்கள் ஏறினால் அவருக்கு நல்ல பாட்டு விழும்.

உங்களிடம் ஒரு சேதி சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். ஆனால் இதை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள் என்பதால் பழைய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு மில் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். அங்கே எலக்ட்ரீஷியனாக இருந்த அந்தோணியைக் கட்டிக்கொண்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்பா வீட்டை ரெண்டாக்கிவிட்டார். "அவ வீட்டுல நீங்க கை நனைச்சா, நான் உங்களுக்கு மகன் இல்ல" என்று உங்களிடமே கத்தினாராம். ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டால் அந்த உறவை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடுமே! நீங்கள் அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தீர்கள். "சரிலே. அவ வீட்டுக்குள்ள அவ குடுக்கிற பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன், போதுமா?"

போகவே மாட்டேன் என்று நீங்கள் சொல்லவில்லை. அதை அப்பா கவனிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு கையில் நாலடுக்கு டிபன் கேரியர், இன்னொரு கையில் தண்ணீர்க் கூஜாவோடு என் வாசலில் வந்து நின்றீர்கள். வந்ததும் மேலே பார்த்தீர்கள். "கரண்டுக்காரர் வீட்டு ஃபேனே இப்படிச் சுத்துனா ஊர் எப்படி மாப்ள வெளங்கும்?" ஒரே வார்த்தையில் அந்தோணி உங்களுக்கு மாப்பிள்ளையாகிவிட்டார். அவர் அன்றைக்கு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தது உங்களுக்குத் தெரியாது.

கேரியரில் அம்மாவின் சமையல். எனக்குப் பிடித்த சீனியவரைக்காய்ப் பொரியல் ஓர் அடுக்கு முழுக்க இருக்கும். "ஒரு ஆளுக்கு எதுக்கு இம்புட்டு?" என்று அப்பா கேட்டதற்கு, "ரிட்டயர் ஆனா பசி கூடும்லே, உனக்கும் வரும் பாரு" என்றீர்களாம். அம்மா முகத்தைப் பார்க்க முடியாத நான், அம்மா கைச்சோற்றை வாராவாரம் சாப்பிட்டேன். ஆனால் என் அடுப்பில் வெந்தது அப்படியே பானையில் கிடந்தது. நீங்கள் தண்ணீர் கூட வாங்கிக் குடிக்கவில்லை. ரெண்டு வருஷம். எனக்கு உள்ளே எரிந்தது தாத்தா. வெளியே சிரித்தேன்.

அப்புறம் அந்த ஞாயிறு. வந்து உட்கார்ந்து, வேர்வையைத் துடைத்து, செத்த நேரம் கழித்து, "ஏட்டி, கேரியர எங்க வச்சேன்?" என்றீர்கள். பஸ்ஸிலேயே விட்டுவிட்டீர்கள், கூஜாவையும் சேர்த்து! சாமானைப் பார்த்து எடுத்து இறங்குங்கள் என்று முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷன்! நீங்களே வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். எனக்கோ, சொல்ல வெட்கமாக இருக்கிறது, தாங்க முடியாத சந்தோஷம். ஓடிப்போய் இலை போட்டேன். சுடுசோறு, மொச்சைக் குழம்பு, அவித்த முட்டை.

நீங்கள் இலையைப் பார்த்தீர்கள். மணி ரெண்டு. சர்க்கரை வியாதிக்காரர், பசி தாங்க மாட்டீர்கள். "வாக்குக் குடுத்துட்டேனேட்டி" என்றீர்கள்.

அவ்வளவுதான், எனக்கு வந்ததே கோபம்! "அப்ப எதுக்கு வாரம் வாரம் வாரீக? என் சோறு என்ன வெசமா? இனிமே இந்தப் பக்கமே வராதீக!" அந்தோணி என் கையைப் பிடித்தார், உதறினேன். நீங்கள் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டீர்கள். பாவி, வயசாளியைப் பட்டினியாக அனுப்பிவிட்டேனே என்று சுவரில் சாய்ந்து நின்றேன்.

தெருவிலிருந்து உங்கள் குரல் கேட்டது. "ஏட்டி, அந்த எலைய இங்க கொண்டா!"

எட்டிப் பார்த்தால், எதிர்வீட்டு வேப்பமர நிழலில் துண்டை விரித்துச் சம்மணம் போட்டிருக்கிறீர்கள். "வீடுதான உன் வீடு? தெரு முனிசிபாலிட்டியோடது. இங்க திங்க மாட்டேன்னு நான் யார்ட்ட சத்தியம் பண்ணேன்?"

எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மா பதறி ஓடி வந்தார். "ஏமி பெரியவரே, தெருவுலயா சாப்பிடுவீங்க?"

"உள்ள இவ திட்டுதா தாயி. இங்கன்னா காத்தாவது வருது."

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. நான் அழுதுகொண்டே பரிமாறினேன். "எம்புட்டு ருசி!" என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்லி, மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் தெருவில்தான் உங்கள் இலை. மழை பெய்தால் அந்தோணி குடை பிடித்தார். சேதி பஸ் ஏறி அப்பாவிடம் போனது. "பிச்சக்காரன் மாதிரி தெருவுலயா?" என்று குதித்தாராம். "சத்தியத்த மீறலையேலே" என்று நீங்கள் சொன்னதற்கு ஒரு மாதம் உங்களிடம் பேசவில்லை.

நீங்கள் போன அன்று அப்பா என்னை உள்ளே விட்டார். முகம் பார்க்கவில்லை. உங்களுக்காக மட்டும் நான் அழவில்லை தாத்தா. ரெண்டு வீட்டுக்கும் நடுவில் போய்வர இனி ஆள் இல்லையே என்றும் அழுதேன். வராதீர்கள் என்று உங்களைச் சொன்ன வாய்க்கு மன்னிப்பும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கேலி பண்ணியே கொன்றிருப்பீர்கள். இப்போது கேட்கிறேன்.

இனி சேதிக்கு வருகிறேன். போன ஞாயிறு அப்பா வந்தார். நீங்கள் போய் மூன்று வருஷம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல். அந்தோணி "வாங்க மாமா" என்றார். உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. நான் வாயே திறக்கவில்லை. நான்! சாப்பிடுங்கள் என்று சொல்லி, அவர் வேண்டாம் என்றுவிட்டால் அதோடு எல்லாம் முடிந்துபோகும் என்ற பயம்.

கடைசியில் அவரே கேட்டார். "என்னட்டி, வந்தவனுக்குச் சோறு கெடையாதா?"

"சாப்பிடுவீங்களாப்பா?"

"சத்தியம் பண்ணது உங்க தாத்தா. நான் எங்க பண்ணேன்?"

முகத்தில் சிரிப்பே இல்லை. அந்த மனுஷன் இதுவரை தமாஷ் பேசி நான் கேட்டதே இல்லை. சிரித்தேன், சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. நிறையச் சாப்பிட்டார். மொச்சை இன்னும் வேக வேண்டும் என்று குறை வேறு சொன்னார். கை கழுவப் போனவர் குழாயைத் திறந்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி வெகு நேரம் நின்றார்.

"அய்யா இருந்திருக்கலாம்" என்றார், உங்களைத்தான்.

வருகிற ஞாயிறு அம்மாவையும் கூட்டி வருகிறாராம். யாரோடு சண்டை போட்டாலும் சோறு போட்ட பிறகுதான் போடுவேன் தாத்தா. பசித்த ஆளை என் வாயால் இனி எழுப்பி அனுப்ப மாட்டேன். இது உங்கள் தலையில் அடித்துச் செய்கிற சத்தியம்.

உங்கள் மகன் வயிற்று மூத்த பேத்தி,
செல்வி அந்தோணி